வெண்டி கார்லோஸைத் துணுக்காக்காதீர்கள்

தமிழில் இசையைப் பற்றி எழுதுகிற, காணொளி போடுகிற, பாட்காஸ்ட் நடத்துகிற நண்பர்களுக்கு,

வணக்கம். எலக்ட்ரானிக் இசையின் வரலாறு என்று நம் மொழியில் வருகிறவற்றை விடாமல் படிக்கிறவன், பார்க்கிறவன் நான். கீபோர்டு புரோகிராமிங்தான் பிழைப்பு என்பதால் ஆர்வம் கொஞ்சம் கூடுதல். உங்களில் பலர் நன்றாகவே செய்கிறீர்கள். ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவினர் வருகிறார்கள், டிஸ்கோ இசையமைப்பாளர் மொரோடர் வருகிறார், யமஹாவின் டிஎக்ஸ்7 கீபோர்டு வந்து எண்பதுகளின் ஒலியையே மாற்றிய கதை வருகிறது. அமெரிக்க இசையமைப்பாளர் வெண்டி கார்லோஸ் என்று வந்தால் மட்டும் எங்கோ தடம் மாறிவிடுகிறது. ஒன்று, அவர் பெயரே இருக்காது. 1968இல் மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் மோக் சிந்தசைசரில் ஜெர்மன் இசைமேதை பாக்கின் இசை வெளிவந்து பரபரப்பானது என்று, கருவி தானே உட்கார்ந்து வாசித்துக்கொண்டதைப் போல ஒரு வரியோடு முடிந்துவிடும். இல்லையென்றால் முழுக்க அவரைப் பற்றியே இருக்கும். ஆனால் அவர் திருநங்கை என்பதால் அறுவைசிகிச்சை எந்த ஆண்டு, பழைய பெயர் என்ன, பழைய புகைப்படம் எங்கே என்பதிலேயே பாதி ஓடிவிடும். மூன்று கிராமி விருதுகளை நடுவில் ஓர் ஓரமாகச் செருகியிருப்பார்கள். இசையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இந்த இரண்டு வகையைப் பற்றியும்தான் இந்த மடல். இரண்டிலும் காணாமல் போவது ஒன்றே, அவர் செய்த வேலை. அதனால் வேலையிலிருந்தே தொடங்குகிறேன்.

1939இல் ரோட் ஐலண்டு மாநிலத்தில் பாட்டக்கெட் என்ற ஆலை ஊரில், வசதி குறைந்த குடும்பத்தில் பிறந்தவர் கார்லோஸ். பிரவுன் பல்கலைக்கழகத்தில் இசை, இயற்பியல் இரண்டையும் படித்தார். அப்புறம் நியூயார்க். 1965இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இசையமைப்பில் முதுகலை முடித்தார். அங்கிருந்த கொலம்பியா–பிரின்ஸ்டன் எலக்ட்ரானிக் இசை மையத்தில் விளாதிமிர் உசசெவ்ஸ்கியிடம் பயின்றார். அன்றைய பல்கலைக்கழக இசையுலகில் மெட்டு என்றாலே பழைய பஞ்சாங்கம். சுருதி சேர்ந்து, தாளம் பிடித்து ஏதாவது எழுதினால் மேலும் கீழும் பார்ப்பார்கள். கார்லோஸுக்கு அந்தப் போக்கு ஒட்டவில்லை. புதிய கருவியில் கேட்கத் தகுந்த இசையைச் செய்ய முடியும் என்று நம்பினார். படிப்பு முடிந்ததும் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் டேப் எடிட்டராகச் சேர்ந்தார். பின்னால் அவர் செய்ததற்கெல்லாம் கை பழகியது அங்கேதான்.

ராபர்ட் மோக்கை அவர் சந்தித்தது 1964இல், ஒலிப்பொறியாளர் சங்கத்தின் மாநாட்டில். மோக் அப்போதுதான் தன் சிந்தசைசரை உருவாக்கிக்கொண்டிருந்தார். கார்லோஸ் அவருடைய முதல் வாடிக்கையாளர்களில் ஒருவரானார். இந்த இடத்தில் நம் கட்டுரைகள் வாங்கினார், வாசித்தார் என்று தாவிவிடுகின்றன. நடந்தது அப்படியில்லை. விரலின் அழுத்தத்துக்கும் வேகத்துக்கும் ஏற்ப ஒலி மாறும் கீபோர்டு வேண்டும் என்று மோக்கிடம் கேட்டு வாங்கியவர் அவர். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகிற வசதி, ஒலியின் நிறத்தைப் பகுதி பகுதியாகக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டர் வரிசை என்று அந்தக் கருவிக்குள் போன பலவற்றில் அவர் யோசனை இருக்கிறது. பொறியாளர் செய்து கொடுப்பார், கார்லோஸ் வாசித்துப் பார்த்து, இது கை பேசுகிற மாதிரி இல்லை என்று திருப்பிச் சொல்லுவார். இன்று சாதாரண கீபோர்டில் மெல்ல அழுத்தினால் மெல்லவும் ஓங்கி அழுத்தினால் ஓங்கியும் ஒலிப்பதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். அன்றைக்கு அதை ஒருவர் விடாமல் கேட்க வேண்டியிருந்தது.

இனி அந்த ஆல்பம். "ஸ்விட்ச்டு-ஆன் பாக்" எப்படி உருவானது என்பதை உங்கள் நேயர்களுக்கு ஒரு முறையாவது முழுசாகச் சொல்லுங்கள். நம் தொழிலில் இருக்கிற இளைஞர்களுக்கு அது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். அன்றைய மோக்கில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரம்தான் எழும்பும். பல சுரங்களை ஒன்றாக அழுத்திக் கார்டு பிடிக்க முடியாது. பாக்கின் இசையிலோ மூன்று நான்கு குரல்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும். ஆகவே ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகப் பதிந்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார். ஆம்பெக்ஸ் டேப் இயந்திரங்களின் பாகங்களை வைத்துத் தானே கட்டிய எட்டு டிராக் ரெக்கார்டரில் அந்த வேலை நடந்தது. ஒலியை எழுப்பும் ஆசிலேட்டர்கள் சூடேறச் சூடேறச் சுருதி விலகும். கொஞ்சம் வாசி, நிறுத்து, சுருதி சேர், மறுபடி வாசி. அது போதாதென்று, ஒரே மெட்டுக்குள் அடுத்தடுத்த சுரங்களை வேறுவேறு ஒலிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். கேட்கும்போது மெட்டு கை மாறிக் கை மாறிப் போகும். ஆனால் அறுபடாது. மாதக்கணக்கில் நாள் முழுக்க இப்படி. நமக்கு இன்று கணினியில் ஒரு மதியத்தில் முடிகிற வேலை என்று யாராவது சொன்னால், பாக்கின் மூன்றாவது பிராண்டன்பர்க் கான்செர்ட்டோவை ஒவ்வொரு சுரத்துக்கும் கையால் உயிர் கொடுத்து மதியத்துக்குள் முடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ரேச்சல் எல்கிண்ட் பெயரையும் தயவுசெய்து விடாதீர்கள். அவர் பாடகியாக இருந்தவர், பின்பு இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர், இந்த ஆல்பத்தின் தயாரிப்பாளர். பாக் மட்டுமே கொண்ட ஒரு முழு ஆல்பமாக இதைச் செய்யலாம் என்று உந்தியதிலும், கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்திடம் கொண்டு சேர்த்ததிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அடுத்த பன்னிரண்டு ஆண்டு கார்லோஸின் வேலை எல்லாவற்றிலும் உடன் இருந்தார். தனியாளாக ஒரு மேதை என்று எழுதுவது நமக்குப் பிடித்தமான பழக்கம். இங்கே இரண்டு பெண்கள் சேர்ந்து நடத்திய ஸ்டூடியோ இருக்கிறது.

1968 அக்டோபரில் வெளியானது. வெளியாவதற்குக் கொஞ்சம் முன்பு மோக் அதிலிருந்து ஒரு பகுதியைப் பொறியாளர்களின் கூட்டத்தில் போட்டுக் காட்டினார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அதற்குப் பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. அமெரிக்காவின் பில்போர்டு இதழின் பொது ஆல்பம் பட்டியலில் 10ஆம் இடம். செவ்வியல் பட்டியலில் 1969 தொடக்கத்திலிருந்து 1972 தொடக்கம் வரை முதலிடம். 1970இல் மூன்று கிராமி. பின்னாளில் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டி பிளாட்டினம் ஆனது; செவ்வியல் இசையில் அந்த உயரத்தைத் தொட்ட இரண்டாவது ஆல்பம் அது. பாக் வாசிப்பில் அன்று யாரையும் எளிதில் மெச்சாத பியானோ கலைஞர் கிளென் கூல்ட், கார்லோஸின் அடுத்த ஆல்பத்தில் வந்த நான்காவது பிராண்டன்பர்க்கைத் தான் கேட்டவற்றிலேயே ஆகச் சிறந்தது என்று எழுதினார்.

செல்வாக்கு என்ற சொல்லை நாம் லேசாகப் போட்டுவிடுகிறோம். இங்கே அதற்கு ஆள் ஆளாகக் கணக்குக் காட்ட முடியும். ஜப்பானில் இசாவோ டொமிட்டா இந்தத் தட்டைக் கேட்டுத்தான் ஒரு மோக்கை வாங்கினார். 1974இல் டெபுஸியின் பியானோ இசையைச் சிந்தசைசரில் அவர் செய்த ஆல்பம் அதன் விளைவு. இங்கிலாந்தில் ராக் கீபோர்டு கலைஞர் கீத் எமர்சன் ஒரு இசைத்தட்டுக் கடையில் இதைக் கேட்டு, இது என்ன கருவி என்று விசாரிக்கத் தொடங்கினார். ராக் மேடைக்கு மோக் வந்த வழி அது. மொரோடரும் மோக்கின் ஒலியை முதலில் அறிந்தது இந்த ஆல்பத்தின் மூலம்தான். 1977இல் பாடகி டோனா சம்மருக்காக அவர் செய்த "ஐ ஃபீல் லவ்" பாட்டில் இருந்து இன்றைய நடன இசையின் பாதித் தெருக்கள் பிரிகின்றன. ஆகவே உங்கள் வரலாற்றுக் காணொளியை மொரோடரில் தொடங்கினால், அவர் எங்கிருந்து தொடங்கினார் என்று ஒரு வரியாவது சொல்ல வேண்டாமா?

அத்தோடு கார்லோஸ் நின்றுவிடவும் இல்லை. மனிதக் குரலின் வடிவத்தை எடுத்துச் சிந்தசைசர் ஒலிக்கு மாட்டிவிடும் வோகோடர், 1930களில் பெல் ஆய்வகத்தில் தொலைபேசிக்காகப் பிறந்தது. மோக்கோடு சேர்ந்து அதை இசைக்கருவியாக மாற்றிப் பாட வைத்தவர் கார்லோஸ். இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கின் "எ கிளாக்வொர்க் ஆரஞ்சு" (1971) படத்தில் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியை இயந்திரக் குரல் பாடுகிறதே, அதன் பின்னால் இருப்பது ரேச்சல் எல்கிண்டின் தொண்டை. நம் ஊர்ப் பாடல்களில் ரோபோ குரல் வரும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம்தான்.

1972இல் "சோனிக் சீசனிங்ஸ்". நான்கு பக்கங்கள், நான்கு பருவங்கள். மழை, பறவை, கடல் ஆகியவற்றின் பதிவுகளோடு மோக் நிதானமாகக் கலந்து நகரும். பின்னணியில் அமைதியாக ஓடுகிற ஆம்பியன்ட் இசை என்றதும் பிரையன் ஈனோவின் விமான நிலைய ஆல்பத்தைச் சொல்கிறோம். அது 1978. கார்லோஸுடையது ஆறு ஆண்டு முந்தியது. முந்தியது என்பதாலேயே உயர்ந்தது என்று சொல்ல வரவில்லை. ஈனோ செய்தது வேறு. ஆனால் காலவரிசை என்று போட்டால் அதைச் சரியாகப் போட வேண்டும்.

"தி ஷைனிங்" (1980) படத்துக்குக் கார்லோஸும் எல்கிண்டும் நிறையச் செய்து கொடுத்தார்கள். குப்ரிக் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு வேறு இசையமைப்பாளர்களின் பதிவுகளைப் போட்டுக்கொண்டார். மலைப்பாதையில் கார் போகும் அந்தத் தொடக்கமும் இன்னொரு துண்டும் மட்டுமே மிஞ்சின. அந்தத் தொடக்கம் ஒன்றே போதுமானதாக இருக்கிறது. 1982இல் "ட்ரான்": சிந்தசைசரையும் லண்டன் ஃபில்ஹார்மானிக் வாத்தியக்குழுவையும் ஒன்றாகப் பின்னிய இசை.

எனக்கு மிகப் பிடித்தது 1986இல் வந்த "பியூட்டி இன் த பீஸ்ட்". இதைத் தமிழில் யாரும் விரிவாக எழுதி நான் பார்த்ததில்லை. எழுத நம்மைவிடப் பொருத்தமானவர்கள் குறைவு. மேற்கத்திய கீபோர்டு, சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜம் வரையிலான ஆக்டேவைப் பன்னிரண்டு சம படிகளாக வெட்டுகிறது, ஒவ்வொன்றும் 100 சென்ட் (சுருதி இடைவெளியை அளக்கும் அலகு). அதில் காந்தாரங்கள் துல்லியமாக விழாது என்பது நம் வித்வான்கள் காலங்காலமாகச் சொல்லும் புகார். கார்லோஸ் பிரச்சினையை வேறு முனையிலிருந்து பிடித்தார். ஆக்டேவை விட்டுவிட்டு, சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை ஒன்பது சம படிகளாக வெட்டினால் என்ன ஆகும்? ஒரு படி 78 சென்ட் வருகிறது. அது ஆல்ஃபா. பதினொன்றாக வெட்டினால் 63.8, பீட்டா. இருபதாக வெட்டினால் 35.1, காமா. இவற்றில் பஞ்சமமும் காந்தாரங்களும் ஏறக்குறைய சுத்தமாக நிற்கும். மேல் சட்ஜம் மட்டும் சரியாக வந்து விழாது! படி ஏறிக்கொண்டே போனால் அதைத் தாண்டிப் போய்விடுவோம். கேட்கும்போது தரை லேசாக நழுவும், ஆனால் சுருதி அவ்வளவு தெளிவாக இருக்கும். இயற்பியல் படித்தவரின் மூளையும் டேப் வெட்டிப் பழகியவரின் காதும் சேர்ந்தால்தான் இது நடக்கும். சுருதி பற்றி மணிக்கணக்கில் பேசுகிற நம் காணொளிக்காரர்கள் இந்த ஆல்பத்தை எடுத்துக்கொண்டு ஒரு மாலை உட்கார்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

சரி, இப்போது நீங்கள் கேட்கக்கூடிய கேள்விக்கு வருகிறேன். அவர் திருநங்கை என்பதையே சொல்லக் கூடாதா?

சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் அது இசை வரலாற்றில் எங்கே தொடுகிறதோ அங்கே வைத்துச் சொல்லுங்கள். 1967இல் பாலின மாற்றச் சிகிச்சையின் முன்னோடி டாக்டர் ஹாரி பெஞ்சமினிடம் ஆலோசனை, அடுத்த ஆண்டு ஹார்மோன் சிகிச்சை. ஆல்பம் உலகத்தைக் கலக்கியதும் அதே 1968தான். 1969 நடுவிலிருந்து அவர் பெண்ணாகவே வாழ்ந்தார். ஆனால் அட்டையில் இருந்தது பழைய பெயர். அந்தப் பெயருக்குத்தான் கச்சேரி அழைப்பும் பேட்டிக் கேட்பும் வந்து குவிந்தன. செயின்ட் லூயிஸ் சிம்பொனியோடு மேடையேற வேண்டிய நாளில் ஹோட்டல் அறையில் அழுதுவிட்டு, ஆண்கள் விக் மாட்டி, கிருதா ஒட்டி, சவரம் செய்த நிழல் தெரிவதற்காகப் புருவப் பென்சிலால் முகத்தில் தீட்டிக்கொண்டு போனார். குப்ரிக்கைச் சந்தித்ததும் அந்த வேஷத்தில்தான். பாடகர் ஸ்டீவி வொண்டர் மோக் கருவியைப் பார்க்க ஸ்டூடியோவுக்கு வந்தபோது கார்லோஸ் முன்னால் வரவில்லை. வந்தவர்களிடம் பேசிச் சமாளித்தவர் எல்கிண்ட்.

இதை வெறும் சோகக் கதையாக எழுதாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். இதன் இசை விளைவு என்ன என்று பாருங்கள். எமர்சனும் வொண்டரும் மேடைமேடையாக வாசித்து, பேட்டி கொடுத்து, மற்ற இசைக்கலைஞர்களோடு கூடி வளர்ந்த அதே ஆண்டுகளில், அந்தக் கருவியைப் பரவலாக அறிமுகப்படுத்தியவர் வீட்டுக்குள் இருந்தார். உலகத்துக்குக் கருவியின் பெயர் தெரிந்தது, வாசித்தவர் முகம் தெரியவில்லை. இன்றைக்கும் நம் கட்டுரைகளில் "மோக் இசை" என்று பெயரில்லாத ஒரு வரியாக அவர் சுருங்கிப் போவதற்கு அந்தப் பத்தாண்டு மறைவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். ஆக, அவர் திருநங்கை என்பதைச் சொல்லாமல் இந்த இடைவெளியை விளக்கவும் முடியாது. அதை மட்டுமே சொன்னால் எதற்கு இடையிலான இடைவெளி என்பது புரியாது.

1979 மே மாத "பிளேபாய்" இதழில் வந்த நீண்ட பேட்டியில் அவர் எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொன்னார். வானம் இடிந்து விழவில்லை. சில ஆண்டுகள் கழித்து இன்னொரு பேட்டியில், மக்கள் பொறுத்துக்கொண்டார்கள், அல்லது பொருட்படுத்தவே இல்லை, அந்த வேஷத்துக்குத் தேவையே இருந்திருக்கவில்லை, வாழ்க்கையின் பல ஆண்டுகள் வீணாயின என்ற பொருளில் சொல்லியிருக்கிறார். ஆனால் அன்றிலிருந்து பத்திரிகைக்காரர்கள் இசையைக் கேட்பதை விட்டுவிட்டு உடலைக் கேட்கத் தொடங்கினார்கள். அவருக்கு அதில் தீராத கோபம். தன் பழைய பெயரைத் தலைப்பாக வைத்துப் பாட்டு எழுதிய ஸ்காட்லாந்துப் பாடகர் மோமஸ் மீது 1998இல் வழக்குப் போட்டார். நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாகி, ஆல்பத்திலிருந்து பாட்டு நீங்கியது. 2020இல் அவரைப் பற்றிய முதல் முழு வாழ்க்கை வரலாறு வந்தபோது, அதைக் கற்பனை என்று தன் இணையதளத்தில் சாடினார்.

இவ்வளவு தெரிந்தும் அவரைப் பற்றி எழுதலாமா என்று எனக்கே தயக்கம் உண்டு. எழுதலாம் என்றே முடிவு செய்தேன். அவர் பொதுவில் வைத்தது இசை. அதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். வாழ்க்கையில் அவரே பொதுவில் சொன்னது எது, நாம் தோண்டியது எது என்ற வித்தியாசத்தை மட்டும் மறக்கக் கூடாது. திருநங்கையான பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜைப் பற்றி எழுதுகிறவர், கிட்டப்பா பிள்ளையிடம் அவர் கற்ற தஞ்சாவூர்ப் பாணியைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல் விட்டால் நடன ரசிகர்கள் சும்மா விடுவார்களா? அந்த நியாயம்தான் இங்கேயும்.

பெயர் விஷயத்தில் இழுபறியே வேண்டாம். 1968 ஆல்பத்தைப் பற்றி எழுதும்போதும் வெண்டி கார்லோஸ்தான். பின்னாளில் வந்த மறுபதிப்புகளில் அட்டையிலேயே அந்தப் பெயர்தான் இருக்கிறது. அப்போது அவர் அந்தப் பெயரில் இல்லையே என்று வரலாற்று நேர்மை பேசுகிறவர்கள், தியாகய்யரையும் தீட்சிதரையும் தவிர வேறு யாருக்காவது இந்த அளவு துல்லியம் பார்த்திருக்கிறீர்களா என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். பழைய தட்டின் அட்டைப் படத்தைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால், அன்று வேறு பெயரில் வெளியானது என்ற ஒரு வரி போதும். எந்தச் சொற்களைப் பயன்படுத்துவது என்று குழம்புகிறவர்களுக்குத் தமிழ்நாடு அரசு 2022இல் சொற்பட்டியலே வெளியிட்டிருக்கிறது, எடுத்துப் பாருங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். இந்த இசையைக் கேட்பது எளிதில்லை. பதிவுகளின் உரிமையைத் தன் கையில் இறுக்கமாக வைத்திருப்பவர் கார்லோஸ். அவருடைய பாக் ஆல்பங்கள் ஸ்ட்ரீமிங் தளங்களில் கிடைப்பதில்லை. 1990களின் இறுதியிலிருந்து சில ஆண்டுகள் நல்ல தரத்தில் சிடிகளாக மறுபதிப்பு வந்தன, அவையும் அச்சில் இல்லை. பழைய சிடியோ எல்பியோ தேடி வாங்க வேண்டியதுதான். இதனால்தான் பலர் கேட்காமலேயே எழுதுகிறார்கள் என்பது என் சந்தேகம். கேட்காமல் எழுதினால் கையில் மிஞ்சுவது வாழ்க்கைக் குறிப்பு மட்டும்தானே. உங்களில் சிலர் பழைய எல்பி சேகரிப்பவர்களோடு பழக்கமுள்ளவர்கள். சென்னையிலும் கோவையிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு ஞாயிறு அவர்கள் வீட்டில் உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுதுங்கள். பாக்கின் 29ஆம் கன்டாட்டா என்ற குரலிசைப் படைப்பின் தொடக்க வாத்திய இசையான சின்ஃபோனியாவில் தொடங்குங்கள், ஆல்பத்தின் முதல் டிராக் அது. பிறகு மூன்றாம் பிராண்டன்பர்க்கின் நடுப்பகுதி. அந்த இடத்தில் பாக் எழுதி வைத்தது இரண்டே இரண்டு கார்டுகள். மீதியை வாசிப்பவரின் கற்பனைக்கு விட்டுவிட்டார். கார்லோஸ் அங்கே செய்திருப்பதைக் கேட்டால், இவரை ஏன் வெறும் பாக் வாசித்தவர் என்று சொல்லக் கூடாது என்பது புரியும்.

ஏற்கெனவே வெளியிட்ட காணொளிகளின் தலைப்புகளையும் முகப்புப் படங்களையும் மாற்ற முடியுமானால் மாற்றிவிடுங்கள். உள்ளடக்கத்தைத் திருத்த நேரமில்லை என்றால் விவரப் பகுதியிலாவது பெயரைச் சரிசெய்யுங்கள். ஆல்ஃபா, பீட்டா, காமா படிகளைக் கீபோர்டில் ஏற்றி வாசித்துக் காட்ட ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், சம்பளம் எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஒரு கீபோர்டு புரோகிராமர்